முதல் ரேங்க் மூளையைக் காணோம்!

டெலிபோன் அலறியது.

பேராசிரியர் உடனே எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அடிக்க விட்டு எடுத்தால்தான் பெரிய மனிதனுக்கு அழகு என்பது அவர் கொள்கை.

"ஹலோ..."

"உன் குழந்தை என்கிட்ட இருக்கு."

பெண் குரல். வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

"ராங் நம்பர்மா. எனக்குக் கல்யாணமே ஆகல."

"தங்கம்... என்கிட்ட இருக்கு."

பேராசிரியர் கையிலிருந்த காபி வெள்ளைக் கோட்டில் கொட்டியது. சட்டென்று மேஜையைப் பார்த்தார். நீல வெல்வெட் மெத்தை இருந்தது. அதன் மேல் எப்போதும் வீற்றிருக்கும் சின்னக் கறுப்பு டிஸ்க்...

இல்லை!

"யார் நீ? எவ்வளவு வேணும்?"

"உன் காசு யாருக்கு வேணும்? தங்கத்தைப் பெத்த அம்மா வேணும். சாயங்காலத்துக்குள்ள அந்தம்மாவை உன் ரூமுக்கு வரவழைச்சு என்கிட்ட ஃபோன்ல பேச வை. போலீஸுக்குச் சொல்லணும்னா தாராளமா சொல்லிக்கோ. அம்மா வரலேன்னா டிஸ்கை உன் மெஷினுக்குள்ளயே வீசிடுவேன். பெரிய காந்தமாமே... உள்ளே போனா ஒண்ணும் மிஞ்சாதாமே?"

லைன் கட்.

பேராசிரியர் போட்ட அலறலில் பக்கத்து அறையிலிருந்து ஸ்கேன் ஆபரேட்டர் ஓடி வந்தார். நடுத்தர வயது. ஓடி வருவது என்றால் அவருக்கு வேகமாக நடப்பது.

"என்னாச்சு சார்?"

"தங்கத்தைக் கடத்திட்டாங்கய்யா..."

யார் இந்தத் தங்கம் என்று கேட்கிறீர்களா? குழந்தை இல்லை. குழந்தையின் மூளை. மூளையும் இல்லை. மூளையின் படம். அவ்வளவுதான். இதற்கா இந்த மனிதர் இப்படிக் குதிக்கிறார் என்று எனக்கும்தான் எரிச்சல் வந்தது. விஷயத்தைக் கேட்டால் இன்னும் எரிச்சல் வரும்.

வயிற்றிலிருக்கும் சிசுவின் மூளை எப்படி வளர்கிறது என்று பார்ப்பதுதான் அந்த ஆராய்ச்சிக் கூடத்தின் வேலை. எம்.ஆர்.ஐ. மெஷின். கர்ப்பிணியை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து உள்ளே தள்ளுவார்கள். எக்ஸ்ரே கிடையாது. காந்தமும் சத்தமும்தான். யாரோ கதவை உடைப்பதைப் போல டக் டக் டக் என்று ஒரு சத்தம்.

சத்தம் போட்டால் சிசு சும்மா இருக்குமா? உதைக்கும். புரளும். கொட்டாவி விடும். படம் கலங்கிப் போகும். கலங்காத துண்டுகளாகப் பொறுக்கி ஒட்டி, கம்ப்யூட்டர் ஒரு முழு மூளையைச் செய்து கொடுக்கும்.

ஐந்தாம் மாதத்தில் அந்த மூளை வழவழவென்று இருக்கும். அப்புறம் வாரத்துக்கு வாரம் மடிப்பு விழும். எந்த வாரத்தில் எந்த மடிப்பு என்று தெரிந்துவிட்டால், கோளாறு இருக்கும் குழந்தையை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம். நல்ல ஆராய்ச்சி. இதோடு நிறுத்தியிருந்தால் பேராசிரியருக்குக் கோயில் கட்டலாம்.

நிறுத்தவில்லை. போன வாரம் மார்க் போட ஆரம்பித்தார்!

இருக்கிற படங்களிலேயே எது அப்பழுக்கில்லாமல் தெளிவாக இருக்கிறதோ அதையே மாதிரியாக வைத்துக்கொள் என்று கம்ப்யூட்டருக்கு உத்தரவு போட்டிருந்தார். கம்ப்யூட்டர் தேர்ந்தெடுத்த மாதிரி மூளைதான் தங்கம். நூற்றுக்கு நூறு. முதல் ரேங்க். மற்ற சிசுக்கள் தங்கத்தை எவ்வளவு ஒத்துப்போகின்றனவோ அவ்வளவு மார்க்.

பெரிய பள்ளிக்கூடம் ஒன்று இதைக் கேள்விப்பட்டுத் துள்ளிக் குதித்தது. பிறப்பதற்கு முன்பே ரேங்க், பிறந்ததும் சீட்! இன்று சாயங்காலம் ஒப்பந்த விழா. மைக் ரெடி. மாலை ரெடி. கதாநாயகனைத்தான் காணோம்.

"காப்பி எடுத்து வைக்கலையா சார்?"

"காப்பி எடுத்தா எவனாவது திருடிடுவான்னுதான்யா எடுக்கல."

"இப்ப ஒரிஜினலையே திருடிட்டாங்களே சார்."

பேராசிரியர் முறைத்த முறையில் ஆபரேட்டர் போலீஸுக்கு ஃபோன் போடப் போனார்.

* * *

இன்ஸ்பெக்டரம்மா வந்தார். உட்காரவில்லை.

"கடத்தப்பட்ட குழந்தைக்கு என்ன வயசு?"

"இன்னும் பிறக்கல மேடம்" என்றார் பேராசிரியர்.

"அப்ப அம்மாவையும் சேர்த்துக் கடத்திட்டாங்களா?"

"இல்ல மேடம். அம்மாவைத்தான் கடத்தினவங்க கேக்கறாங்க."

"சார், நான் காலையில இன்னும் டிபன் சாப்பிடல. புரியற மாதிரி சொல்லுங்க."

புரியும்படி சொன்னார். இன்ஸ்பெக்டரம்மா தலையைச் சொறிந்தார்.

"சரி... இன்னிக்கு இந்த ரூமுக்குள்ள யாரெல்லாம் வந்தாங்க?"

"ஒரே ஒரு குடும்பம்தான். பதினோரு மார்க் கேஸ்."

"பேரு இல்லையா அவங்களுக்கு?"

"இருக்கும் மேடம். எனக்கு மார்க்தான் ஞாபகம் இருக்கு."

இன்ஸ்பெக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கட்டடத்தை விட்டு யாரும் வெளியே போகக் கூடாது" என்று வாசல் காவலருக்கு உத்தரவு போட்டுவிட்டு, காத்திருப்போர் கூடத்துக்கு நடந்தார்.

அங்கே மற்ற கர்ப்பிணிகளுக்கு நடுவே ஓர் இளம்பெண் வயிற்றில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீச்சல் கோச். தண்ணீரில் எத்தனையோ பேரைப் பயம் தெளிய வைத்தவள். இப்போது அவளுக்கே உதறிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் அவள் புருஷன். ஆடிட்டர். கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தான். இன்னொரு நாற்காலியில் அவனுடைய அம்மா. மடியில் பெரிய துணிப்பை. வாயைத் திறக்கவில்லை. மாமியார் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததே இல்லை என்பதால் மருமகளுக்கு இன்னும் பயம்.

"வெளியே விட மாட்டேங்கறாங்க மேடம்" என்று ஆடிட்டர் எழுந்தான். "சாயங்காலத்துக்குள்ள இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போகணும். அங்க டாக்டர் ஊருக்குக் கிளம்பிடுவார்."

"என்ன ஆஸ்பத்திரி? எதுக்கு?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "இந்தக் குழந்தை வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். பதினோரு மார்க் மேடம். நூத்துக்குப் பதினொண்ணு. எங்க குடும்பத்துல அறுபதுக்குக் கீழே யாருமே வாங்கினதில்ல."

"முடிவு பண்ணிட்டோம்னா யாரெல்லாம்?"

"நான்தான்."

இன்ஸ்பெக்டரம்மா அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்ற?"

"எனக்குப் படிக்கத் தெரியல மேடம், அந்த ரிப்போர்ட்டை. மூளை வளரலைன்னு சொல்றாங்க. பிறந்தா கஷ்டப்படும்னு சொல்றாங்க." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா இது ஒரு நிமிஷம் சும்மா இருக்காது மேடம். நான் பாடினா உதைக்கும். இவர் பேசினாலும் உதைக்கும். எனக்கு இது வேணும். கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லத்தான் ஆசை. ஆனா ஒரு பெரிய டாக்டரே மார்க் போட்டு எழுதிக் குடுத்துட்டாரே... நான் சொல்றதை யாரு கேப்பாங்க?"

"ஏங்க அத்தை... நீங்களாவது ஏதாவது சொல்லுங்களேன்" என்று மாமியாரைப் பார்த்தாள்.

மாமியார் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "பாத்ரூம் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டாள்.

கல் மனசுப்பா!

* * *

இன்ஸ்பெக்டரம்மா பேராசிரியர் அறைக்குள் நுழையவும் டெலிபோன் அடிக்கவும் சரியாக இருந்தது. அவரே எடுத்தார்.

"அம்மா வந்தாச்சா?"

"வந்துட்டிருக்காங்க. நீங்க யாரு பேசறது?"

"அம்மா வந்ததும் சொல்றேன்."

சுவருக்கு அந்தப் பக்கம், ஆபரேட்டர் போட்டுவிட்டு வந்திருந்த மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. டக் டக் டக். இன்ஸ்பெக்டரம்மா ஒரு காதைக் கையால் பொத்தினார். ரிசீவர் இருந்த காதிலும்... டக் டக் டக்!

லைன் கட்.

"சார், கடத்தல்காரி இந்தக் கட்டடத்துக்குள்ளதான் இருக்கா."

"பிடிச்சிடுங்க மேடம். அந்தப் பதினோரு மார்க் பொண்ணுதான். கோபத்துல எடுத்திருப்பா."

"இருக்கலாம். பிடிச்சிடலாம். வயித்துப் பிள்ளையோட எங்க ஓடிடப் போறா?" இன்ஸ்பெக்டரம்மா இப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஆனா அவ கேக்கற கேள்வி நியாயமா இருக்கே சார். நானும் பார்க்கணும். முதல் ரேங்க் குழந்தையைப் பெத்த அந்த மகராசி யாரு?"

பேராசிரியர் ஆபரேட்டரைப் பார்த்தார். ஆபரேட்டர் மின்விசிறியைப் பார்த்தார்.

"யாரு வந்தாலும் பேரைப் பதிவு பண்றது நீங்கதானே?" என்று இன்ஸ்பெக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"ஆமா மேடம்."

"தங்கத்தோட அம்மாவுக்கு வயசு என்ன?"

"முப்பது மேடம்."

"எத்தனை வாரம் கர்ப்பம்?"

"முப்பது."

"எடை?"

"மு... முப்பது கிலோ."

இன்ஸ்பெக்டரம்மாவின் புருவம் உயர்ந்தது. "முப்பது கிலோவில ஒரு கர்ப்பிணியா? சாப்பாடே போடாம வச்சிருந்தீங்களா? எப்ப வந்தா அவ?"

"காலையில. முதல் ஆள் வர்றதுக்கு முன்னாடி."

"எந்தக் காலையில?"

"தினமும் மேடம்."

"எவ்வளவு நாளா?"

"நாலு வருஷமா."

இன்ஸ்பெக்டரம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"நாலு வருஷமா முப்பது வாரமாவே இருக்காளா?"

ஆபரேட்டர் மறுபடியும் மின்விசிறியைப் பார்த்தார். அவர் நெற்றியில் வியர்வை.

"அவ திரும்பி வெளியே போனதை யாராவது பார்த்திருக்காங்களா?"

"இல்ல மேடம்."

இன்ஸ்பெக்டரம்மா எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். கடத்தல் கேஸ் என்று வந்தவருக்கு வேறு ஏதோ வாடை அடித்தது. எத்தனையோ பேரைப் பார்த்தாகிவிட்டது. வியர்க்கிற ஆள் எதையோ மறைக்கிற ஆள்.

"கடைசியா கேக்கறேன். உடம்பு எங்கே?"

ஆபரேட்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஃப்ரிட்ஜ்ல மேடம்."

"ஐயையோ..." பேராசிரியர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். நான் நிரபராதி. நான் விருது வாங்கினவன்."

இன்ஸ்பெக்டரம்மா ஆபரேட்டரின் சட்டைக் காலரைப் பிடித்து அப்படியே அடுத்த அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். மூலையில் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ். ஓர் ஆளின் கைகூட முழுசாக உள்ளே போகாது. இன்ஸ்பெக்டரம்மா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கண்டம் துண்டமாகவா...

"திற."

திறந்தார்.

தயிர் சாதத்தோடு ஒரு டிபன் பாக்ஸ். ஒரு தண்ணீர் பாட்டில். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் டப்பா.

ஆபரேட்டர் டப்பாவை எடுத்து மூடியைக் கழற்றினார். உள்ளே தொளதொளவென்று ஜெல்லி. ஜெல்லிக்கு நடுவே...

ஒரு வால்நட்!

"இதான் மேடம் தங்கம்."

ஆபரேட்டர் கொட்டித் தீர்த்தார். நாலு வருஷமாக அடக்கி வைத்தது இல்லையா?

"தினமும் காலையில மெஷின் சரியா ஓடுதான்னு பார்க்கணும் மேடம். சும்மா ஓட்ட முடியாது. உள்ளே ஏதாவது ஒண்ணை வைக்கணும். அதுக்குன்னே விக்கிற பொம்மை யானை விலை. அதான் ஊறவச்ச வால்நட்டை ஜெல்லிக்குள்ள போட்டேன். பார்க்கவும் மூளை மாதிரி இருக்கா... பேரு, வயசு, எடை எல்லாம் போட்டாத்தான் மெஷின் கிளம்பும். வாய்க்கு வந்ததைப் போட்டேன். தங்கம்னு போட்டேன். அந்தப் படமும் மத்த படங்களோடவே போய்ச் சேர்ந்துடுச்சு."

பேராசிரியர் சுவரைப் பிடித்துக்கொண்டார். தெளிவான படமாக எடு என்று சொல்லியிருந்தார். உலகத்தில் எந்தச் சிசு அசையாமல் இருக்கும்? கம்ப்யூட்டர் தன் கடமையைச் செய்திருக்கிறது. உதைக்காத, புரளாத, கொட்டாவி விடாத ஒரே ஜீவனை எடுத்துக் கொடுத்திருக்கிறது.

"ஏன்யா... என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் சார் இருந்தேன். அதுக்குள்ள தங்கத்துக்காக உங்களுக்கு விருது குடுத்துட்டாங்க. மாலையும் கழுத்துமா நிக்கறவர்கிட்ட போய் எப்படி சார் சொல்றது?"

"நீங்க ஒரு தடவையாவது அந்தக் குழந்தையை நேர்ல பார்க்கணும்னு கேட்டதில்லையா?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"நான் பேராசிரியர் மேடம். என்கிட்ட முடிவு மட்டும்தான் வரும்."

"சரி. தங்கத்தை வச்சு மார்க் போட்டீங்களே, எத்தனை குழந்தைங்க பாஸ்?"

பேராசிரியர் எச்சில் விழுங்கினார். "பழைய படத்துக்கெல்லாம் போட்டுப் பார்த்தேன். யாருமே பாஸ் இல்ல. நம்ம தரம் அவ்வளவு உயர்வுன்னு... பெருமைப்பட்டேன்."

"வால்நட் மாதிரி இருந்தா நூறு. அப்ப பதினோரு மார்க்னா?"

பேராசிரியர் மெதுவாகச் சொன்னார். "வால்நட் மாதிரி கொஞ்சம்கூட இல்லைன்னு அர்த்தம்."

"அந்தப் பொண்ணோட படத்தை எடுங்க. மார்க் வேண்டாம். படத்தைப் பாருங்க."

"மார்க் இல்லாம பார்த்து ரொம்ப நாளாச்சு மேடம்."

"பாருங்கன்னு சொன்னேன்."

படம் திரையில் வந்தது. பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். முதலில் கை பழக்கத்தில் மார்க் பட்டனுக்குப் போனது. அப்புறம் நிதானம் வந்தது. ஒரு காலத்தில் நல்ல டாக்டர்தான் அவர். ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒப்பிட்டார். நடுவிலுள்ள அறைகளை அளந்தார். ஒரு படத்தில் சிசு கட்டை விரலை வாயில் வைத்திருந்தது. அதை மட்டும் அவர் இன்னொரு தடவை பார்த்தார்.

"நார்மல் மேடம். வாரத்துக்கு ஏத்த வளர்ச்சி. ஒரு குறையும் இல்ல." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் என்ன காரியம் பண்ண இருந்தேன்..."

"நீங்க மட்டும் சொன்னா நான் நம்ப மாட்டேன். வேற ரெண்டு டாக்டர் பார்க்கட்டும். இப்பவே."

வேறு இரண்டு டாக்டர்கள் பார்த்தார்கள். அதையேதான் சொன்னார்கள். ஒருவர் மட்டும் கூடுதலாக ஒன்று கேட்டார், மேஜை மேல் ஏன் வால்நட் இருக்கிறது என்று. ஆபரேட்டர் டப்பாவை மூடி ஃப்ரிட்ஜுக்குள் வைத்தார்.

* * *

காத்திருப்போர் கூடம்.

"குழந்தை நல்லா இருக்கும்மா" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "மூளை நல்லா வளர்ந்திருக்கு. மூணு டாக்டர் பார்த்தாச்சு. மார்க் போட்ட விதம்தான் தப்பு."

நீச்சல் கோச் முதலில் நம்பவில்லை. பேராசிரியரின் முகத்தைப் பார்த்தாள். அவர் கை கூப்பி நின்றார். அவ்வளவுதான், விம்மி விம்மி அழுதாள். வயிற்றைத் தடவிக்கொண்டே சிரித்தாள். கூடத்திலிருந்த மற்ற கர்ப்பிணிகளுக்கும் கண் கலங்கிவிட்டது.

ஆடிட்டர் பேராசிரியரின் அருகில் வந்தான்.

"அப்ப மார்க்கைத் திருத்திக் குடுப்பீங்களா சார்? மறு கூட்டல் மாதிரி ஏதாவது..."

பேராசிரியருக்கே கோபம் வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"அது இருக்கட்டும்" என்று இன்ஸ்பெக்டரம்மா அந்தப் பெண்ணின் முன்னால் வந்து நின்றார். "உன் பயம் நியாயம்தான்மா. கேஸ் போடலாமா வேண்டாமான்னு அப்புறம் பார்க்கலாம். டிஸ்கைக் குடு."

"எந்த டிஸ்க் மேடம்?"

"விளையாடாதே. ஃபோன் பண்ணினது நீதானே?"

"சத்தியமா இல்ல மேடம். நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்ல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். இன்ஸ்பெக்டரம்மாவுக்கு முதல் முறையாகக் குழப்பம்.

"அவளை விடும்மா" என்றாள் மாமியார்.

பெரிய துணிப்பையைத் திறந்தாள். சால்வை வந்தது. மாத்திரை டப்பா வந்தது. கடைசியாக வந்தது... கறுப்பு டிஸ்க்!

"அத்தை... நீங்களா?"

"பின்னே? இவன்கிட்ட சொன்னா காதுல ஏறுமா? மார்க் போட்டவங்க சொன்னாத்தான் ஏறும். காலையில இந்த டாக்டர் டிஸ்கைக் காட்டிக் காட்டிப் பெருமை அடிச்சப்பவே எடுத்துட்டேன். பொண்ணு முகத்தைப் பார்க்க முடியல என்னால. போலீஸ் வந்தா யாரையும் வெளியே விட மாட்டாங்க, அந்தக் கையெழுத்துக்கு நேரம் தப்பிடும்னு கணக்குப் போட்டேன். வராந்தாவுல ஃபோன் சும்மாத்தானே கிடக்கு."

மருமகள் எழுந்து வந்து மாமியாரைக் கட்டிக்கொண்டாள். குறுக்கே இருந்த வயிறு உதைத்தது. மாமியாருக்கும் சேர்த்து.

ஆடிட்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னம்மா இது? ஸ்கூல்லயிருந்து சி.ஏ. வரைக்கும் எல்லாத்துலயும் முதல் ரேங்க் எடுத்தவன் நான். அப்படிப்பட்ட பிள்ளையைப் பெத்த நீ, போலீஸ்ல மாட்டி என் மானத்தை வாங்கலாமா?"

மாமியார் சால்வையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"எல்லாம் சரிம்மா" என்றார் இன்ஸ்பெக்டரம்மா, டிஸ்கை வாங்கிக்கொண்டு. "நேரத்தைக் கடத்தணும்னா சும்மா மிரட்டியிருக்கலாமே. அந்தத் தங்கத்தோட அம்மா எதுக்கு உங்களுக்கு?"

மாமியார் மகனை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"முதல் ரேங்க் பிள்ளையைப் பெத்துட்டு நான் படற பாடு எனக்குத்தான் தெரியும். பாவம், இன்னொருத்தியும் பெத்துட்டாளாமே... நாலு வார்த்தை ஆறுதல் சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன்."